விளக்கின் இரு பாதிகள்

1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், கணினி வரைகலை ஆய்வாளர்களின் ஆண்டுக் கூடுகையான சிக்கிராஃப் மாநாடு நடந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் தனி நிறுவனமாகியிருந்த பிக்ஸார் அங்கே ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஓடும் குறும்படம் ஒன்றைத் திரையிட்டது. பெரிய மேசை விளக்கு ஒன்று, சிறிய மேசை விளக்கு ஒன்று, ஒரு பந்து. 'லக்ஸோ ஜூனியர்' என்ற அந்தப் படத்தில் வேறு பாத்திரங்கள் இல்லை. படத்தை இயக்கிய ஜான் லாசெட்டர் பின்னாளில் பலமுறை சொல்லிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. திரையிடல் முடிந்ததும் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜிம் பிளின் அவரை நோக்கி வந்தாராம். நிழல்களை எந்த வழிமுறையில் கணக்கிட்டீர்கள் என்று கேட்கப் போகிறார், தமக்கோ அதற்கு விடை தெரியாது என்று லாசெட்டர் உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தார். பிளின் கேட்டதோ வேறு: அந்தப் பெரிய விளக்கு அப்பாவா, அம்மாவா?

தொழில்நுட்பத்தைக் கதை வென்றதற்கு உதாரணமாக இந்த நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் கேட்கப்படாமல் போன அந்த முதல் கேள்வி என்னை அதிகம் ஈர்க்கிறது. ஒரு விளக்கைக் கணினிக்குள் செய்து வைக்கிறோம். அதன் ஒளியை எப்படிச் செய்கிறோம்?

இன்று வீட்டு உட்புறக் காட்சிகளை உருவாக்குவோருக்காக ஆயிரக்கணக்கான விளக்கு மாதிரிகள் இணையத்தில் விற்பனைக்கும் இலவசமாகவும் கிடைக்கின்றன. புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களின் விளக்குகள் ஏறக்குறைய அனைத்துக்கும் முப்பரிமாண நகல் உண்டு. கம்பியின் வளைவு, திருகாணியின் தலை, பித்தளையின் பூச்சு, துணிக்குடையின் இழை என ஒவ்வொன்றையும் முக்கோணங்களாகப் பிரித்து, மேற்பரப்புக்கு வண்ணம் பூசி, ஒரு கோப்பாக்கித் தருகிறார்கள். நுணுக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. மிலான் நகரின் காஸ்டிலியோனி சகோதரர்கள் 1962இல் உருவாக்கிய ஆர்கோ விளக்குக்கு அடிப்பாகம் ஏறத்தாழ 65 கிலோ எடையுள்ள கராரா பளிங்குக் கல். அதில் ஒரு துளை உண்டு. துடைப்பக் கட்டையைச் செருகி இருவர் தூக்கி நகர்த்துவதற்கானது அது. அந்த விளக்கின் கணினி மாதிரியிலும் துளை இருக்கிறது. சுட்டியின் ஒரு நகர்த்தலில் பளிங்கு அறையின் மறுமூலைக்குப் போய்விடுகிறது. வடிவம் அவ்வளவு விசுவாசமாகப் படியெடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் விளக்கு என்பது வடிவம் மட்டும்தானா?

*

'லக்ஸோ ஜூனியர்' படத்தின் மூல விளக்குக்கு ஒரு சுவாரசியமான முன்வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் கார்வர்டைன் மோட்டார் வாகனங்களின் அதிர்வுதாங்கி அமைப்புகளை வடிவமைத்த பொறியாளர். சுருள்வில்களின் இழுவிசையைச் சரியாகப் பங்கிட்டால் ஒரு கரத்தை எந்த நிலையில் விட்டாலும் அது அந்த நிலையிலேயே நிற்கும் என்பதைக் கண்டவர் அவர். மனிதக் கையில் தசைகள் செய்யும் வேலையை இங்கே சுருள்வில்கள் செய்தன. 1932இல் அந்தக் கண்டுபிடிப்பு ஆங்கிள்பாய்ஸ் என்ற விளக்காயிற்று. ரெட்டிச் நகரில் சுருள்வில் தயாரித்துக்கொண்டிருந்த ஹெர்பர்ட் டெர்ரி நிறுவனம் அதைச் செய்து விற்றது. தொழிற்கூடங்களுக்காகப் பிறந்த அவ்விளக்கு, 1935இல் மூன்று சுருள்வில்கள் கொண்ட எளிய வடிவில் வீட்டு மேசைக்கு வந்தது. நார்வேயைச் சேர்ந்த யாக்கோப் யாக்கோப்சன் அதன் உரிமையைப் பெற்று, தம் மாற்றங்களுடன் 1937இல் லக்ஸோ எல்-1 என்ற விளக்கை வெளியிட்டார். ஆக, லாசெட்டரின் மேசையில் நின்ற விளக்கே ஏற்கெனவே ஒரு மறுபடைப்புதான்.

அந்த விளக்கை அவர் அளந்து கணினிக்குள் கட்டினார். குட்டி விளக்கைச் செய்யும்போது பெரியதை அப்படியே சுருக்கிவிடவில்லை. குழந்தையின் உடல் பெரியவரின் உடலைச் சுருக்கியது அல்லவே. கம்பிகளின் நீளத்தைக் குறைத்தார், தடிமனை விட்டுவைத்தார். குடையைச் சிறிதாக்கினார். ஆனால் பல்பை மட்டும் தொடவில்லை. பல்பு கடையில் வாங்கிப் போடுவது, விளக்கோடு சேர்ந்து வளர்வதல்ல என்று 1987இல் எழுதிய கட்டுரையில் அதற்கு விளக்கமும் தந்தார். ஒரு நல்ல நாவலாசிரியனின் கண் இது. அந்தப் பல்பை வாசகர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இனி ஒளி. கதையின்படி இரண்டு விளக்குகளும் எரிகின்றன, திரும்புகின்றன, ஒன்றின் மேல் மற்றொன்றின் நிழல் விழுகிறது. லான்ஸ் வில்லியம்ஸ் 1978இல் முன்வைத்திருந்த உத்தியை ஒட்டியே இதைச் செய்தார்கள். விளக்கு நிற்கும் இடத்திலிருந்து காட்சியை ஒருமுறை பார்த்து, எந்தத் திசையில் எவ்வளவு தொலைவில் முதல் பொருள் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொலைவுக்கு அப்பால் இருப்பதெல்லாம் நிழல். இவ்வுத்தியில் எழும் பிசிறுகளை நீக்கும் வழியை பில் ரீவ்ஸ், டேவிட் சேல்சின், ராபர்ட் குக் ஆகியோர் 1987இல் கட்டுரையாக வெளியிட்டனர். பிளின் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கான விடை அதுதான்.

மிகுந்த மதிநுட்பம் உள்ள உத்தி. ஆயினும் அது ஒளியின் முதல் அடியை மட்டுமே பின்தொடர்கிறது. விளக்கிலிருந்து கிளம்பிய ஒளி பொருளின் மேல் படுகிறது, கதை முடிந்தது. பட்ட இடத்திலிருந்து எழுந்து அது வேறெங்கும் போவதில்லை. மரப்பலகைத் தரை, அதன் மேல் விளக்குகள், பின்னால் இருள். படத்தை மறுபடியும் பார்ப்பவர்கள் கவனிக்கலாம்: அதில் சுவர் இல்லை, கூரை இல்லை. அறையே இல்லை. நாடக மேடை போன்ற அந்த இருளை அழகியல் தேர்வு என்று பாராட்டுவோர் உண்டு, நானும் பாராட்டுவேன். ஆனால் அறை ஒன்று இருந்திருந்தால் அதை எப்படி ஒளியால் நிரப்புவது என்பது அன்றைய படத்தயாரிப்புக்குக் கைவராத வித்தை.

*

அறையை ஒளியால் நிரப்புவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவர் அதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே டென்மார்க்கில் இருந்தார். போல் ஹென்னிங்சன் (1894–1967) கட்டடக்கலைஞர், அங்கத எழுத்தாளர், மேடைப் பாடல்கள் எழுதியவர், 1926 முதல் 1928 வரை வெளிவந்த 'கிரிட்டிஸ்க் ரெவ்யூ' என்ற காரசாரமான இதழின் ஆசிரியர். அவருடைய தாயார் ஆக்னெஸ் ஹென்னிங்சன் எழுத்தாளர். நம் சிறுபத்திரிகை உலகத்தில் அவரை இறக்கிவிட்டால் ஒரே வாரத்தில் பத்துப் பேருடன் சண்டை போட்டிருப்பார். அவருடைய முதன்மையான சண்டை மின்விளக்கோடு. மண்ணெண்ணெய் விளக்கின் மென்மையை அறிந்த தலைமுறை அது. இழை தெரியும் பல்பு கண்ணைக் குத்தியது, முகங்களை வெளிறச் செய்தது, ஆழமான கரிய நிழல்களை எறிந்தது. வெளிச்சம் கூடியது, பார்வை கூடவில்லை.

1925இல் பாரிஸ் நகரில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சிக்காக லூயி போல்சன் நிறுவனத்துடன் இணைந்து ஒரு விளக்கைச் செய்தார். 1926இல் மூன்று குடைகள் கொண்ட விளக்கு முழு வடிவம் பெற்றது. குடைகளின் அளவுகள் 4:2:1 என்ற விகிதத்தில் அமைந்தன. ஒவ்வொரு குடையின் வளைவும் மடக்கைச் சுருள் என்ற கணித வளைவிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வளைவின் மையத்தில் பல்பை வைத்தால், அதிலிருந்து புறப்படும் கதிர் குடையின் எந்த இடத்தில் பட்டாலும் ஒரே கோணத்தில்தான் படும். ஆகவே குடையின் உட்புறம் முழுவதும் சீராக ஒளியைப் பரப்பும். இதையெல்லாம் அவர் தாளில், பென்சிலாலும் அளவுகோலாலும், கதிர் கதிராக வரைந்து கண்டார். இன்றைய கணினி செய்வதும் அதே வேலைதான், கோடிக்கணக்கான கதிர்களுக்கு.

ஹென்னிங்சனின் விளக்குகளுக்குப் பொதுவான விதி ஒன்றுதான்: அறையில் இருப்பவர் கண்ணுக்குப் பல்பு நேரடியாகத் தெரியக்கூடாது. கோபன்ஹேகனில் உள்ள லாங்கலினி உணவகத்துக்காக 1958இல் அவர் செய்த 'ஆர்ட்டிசோக்' விளக்கில் 72 உலோக இதழ்கள் 12 அடுக்குகளாக நிற்கின்றன. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் மின்குமிழைக் காண முடியாது. பார்ப்பது இதழ்களிலிருந்து திரும்பிவரும் ஒளியை மட்டுமே. இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ திரும்பிய ஒளி. பழந்தமிழில் நிழல் என்ற சொல்லுக்கு ஒளி என்ற பொருளும் உண்டு. இந்த விளக்கைப் பார்க்கும்போது அந்த இரட்டைப் பொருள் அவ்வளவு விசித்திரமாகத் தோன்றுவதில்லை.

கார்வர்டைனின் விளக்கோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ஆங்கிள்பாய்ஸ் விளக்கில் சிந்தனை முழுவதும் கரத்தில் இருக்கிறது. குடை வெறும் மூடி. ஹென்னிங்சனின் விளக்கு அசைவதில்லை. அதன் வடிவம் ஒளி நடக்க வேண்டிய பாதையின் அச்சு. முதலாவதைக் கணினியில் செய்வதற்குச் சலனத்தைப் புரிந்துகொண்டால் போதும். இரண்டாவதைச் செய்ய ஒளியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒளி இல்லாமல் அதன் உருவத்தை மட்டும் எடுத்தால் கையில் மிஞ்சுவது வளைந்த தகரம்.

*

பட்ட ஒளி திரும்புவதைக் கணக்கிடும் முயற்சி, விந்தையாக, வெப்பப் பொறியியலிலிருந்து வந்தது. உலைச் சுவர்கள் ஒன்றுக்கொன்று வெப்பத்தைக் கதிர்வீசிக்கொள்வதைக் கணக்கிடப் பொறியாளர்கள் வைத்திருந்த முறையை, கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிண்டி கோரல், கென்னத் டாரன்ஸ், டொனால்ட் கிரீன்பெர்க், பென்னெட் பட்டேல் ஆகியோர் 1984இல் ஒளிக்குப் பொருத்தினார்கள். ரேடியாசிட்டி என்று பெயர் பெற்ற அம்முறைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், ஒரு வெற்றுப் பெட்டி. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு வெவ்வேறு நிறம், மற்ற பக்கங்கள் வெள்ளை. கணக்கு முடிந்தபோது சிவப்புச் சுவரின் அருகே வெள்ளைச் சுவர் மெல்லச் சிவந்திருந்தது. நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பதுதான். யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஓவியர்கள் மட்டும் நூற்றாண்டுகளாகப் பார்த்துவந்தார்கள். பின்னர் அத்தகைய பெட்டியை உண்மையாகவே செய்து, கணினிப் படத்தோடு ஒப்பிட்டும் சோதித்தார்கள். கணினிக்குள் முதன்முதலாக ஓர் அறை பிறந்தது என்று அந்தப் பெட்டியைச் சொல்லலாம். ஆனால் மினுமினுப்பற்ற சுண்ணாம்புச் சுவர்களுக்கே அம்முறை பொருந்தியது. கண்ணாடியும் மெருகேறிய பித்தளையும் அதன் பிடிக்குள் வரவில்லை.

அடுத்த அடி 1986இல். எங்கே? அதே டல்லஸ் மாநாட்டில். லாசெட்டரின் விளக்குகள் கைதட்டல் வாங்கிய கூடுகையில்தான், கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கஜியா 'ரெண்டரிங் சமன்பாடு' என்ற கட்டுரையை அளித்தார். ஓர் இடத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி என்பது, அந்த இடம் தானாக உமிழும் ஒளியும், மற்ற எல்லா இடங்களிலிருந்தும் அங்கே வந்து திரும்பும் ஒளியும் சேர்ந்தது. ஒரே வரியில் எழுதிவிடக்கூடிய சமன்பாடு. சிக்கல் என்னவென்றால், அந்த 'மற்ற எல்லா இடங்களிலும்' உள்ள ஒளிக்கும் இதே சமன்பாடு பொருந்தும். தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு போன்றது அது. நேராகத் தீர்க்க முடியாது. கஜியா தந்த வழி, சீட்டுக் குலுக்குவது. கண்ணிலிருந்து ஒரு பாதையைப் புறப்படச் செய்து, அது படும் ஒவ்வொரு பரப்பிலும் ஏதோ ஒரு திசையைத் தற்செயலாகத் தேர்ந்து திருப்பிவிட்டுக்கொண்டே போக வேண்டும். ஒளிமூலத்தைத் தொட்டால் கணக்கில் சேர்க்க வேண்டும். போதுமான பாதைகளின் சராசரி, உண்மையை நெருங்கும்.

கவனித்தீர்களா? பாதைகள் விளக்கிலிருந்து புறப்படவில்லை, கண்ணிலிருந்து புறப்படுகின்றன. கண்ணுக்கு வந்து சேராத ஒளியைக் கணக்கிட்டு என்ன பயன் என்ற சிக்கனம்தான் காரணம். நல்ல சிக்கனம். ஆனால் ஹென்னிங்சன் வாழ்நாளெல்லாம் உழைத்தது கண்ணிலிருந்து பல்புக்கு நேர்வழி இல்லாமல் செய்வதற்காக. கணினியின் கண்ணுக்கும் அந்த விதி பொருந்திவிடுகிறது. அறையின் ஏதோ ஒரு சுவரிலிருந்து கிளம்பும் பாதை, 72 இதழ்களுக்கு இடையே நுழைந்து, சரியான கோணங்களில் திரும்பித் திரும்பி, உள்ளே ஒளிந்திருக்கும் சிறிய குமிழைத் தொடுவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆயிரத்தில் ஒன்று தொடும், அந்த ஒன்று படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும், மற்றவை இருட்டு. மனிதக் கண்ணுக்கு எந்த விளக்கு மிகவும் இதமானதோ, அதுவே கணினிக்கு மிகவும் கொடியது. இந்த முரண் எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிக அழகானதாகப் படுகிறது.

இதைத் தலைவலியாகவே எடுத்துக்கொண்டு தீர்வு தேடியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் எரிக் வீச். 1997இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் புகழ்பெற்ற படம் ஒன்று இருக்கிறது. ஓர் அறை, மேல்நோக்கி ஒளி வீசும் நிற்கும் விளக்கு, மேசையின் மேல் முட்டை வடிவக் கண்ணாடி. ஒளிமூலம் குடைக்குள் மறைந்திருக்கிறது, அறைக்கு வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பித்தான் வருகிறது. வீச்சின் வழி இருபுறமும் நடப்பது. கண்ணிலிருந்து ஒரு பாதை, விளக்கிலிருந்து ஒரு பாதை, இரண்டையும் நடுவில் இணைப்பது. மலையின் இரு பக்கமும் தோண்டி நடுவில் சந்திக்கும் சுரங்கத்தைப் போல. விளக்கு எப்படிச் சிந்திக்கிறதோ அப்படிக் கணினி சிந்திக்கத் தொடங்கியது அப்போதுதான் என்பேன்.

இந்த ஆய்வுகள் அனைத்தும் படத்தயாரிப்புக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. பட்டுத் திரும்பும் ஒளியைப் பிக்ஸார் தன் படத்தில் விரிவாகக் கணக்கிட முற்பட்டது 2013இல் வந்த 'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி'யில். டல்லஸ் மாநாட்டுக்கு இருபத்தேழு ஆண்டுகள் கழித்து! அதுவரை, சுவரிலிருந்து திரும்பியிருக்க வேண்டிய ஒளிக்குப் பதிலாகக் கலைஞர்கள் தங்கள் கையாலேயே சின்னச் சின்னக் கற்பனை விளக்குகளைக் காட்சி முழுவதும் ஒளித்துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

*

1986இல் நடந்த மூன்றாவது நிகழ்ச்சி சிக்கிராஃப் மாநாட்டைச் சேர்ந்ததல்ல. அதைப் பற்றி எவரும் கதை சொல்வதில்லை. வட அமெரிக்க ஒளியமைப்புப் பொறியாளர் சங்கம் எல்எம்-63 என்ற தரவரையறையை அவ்வாண்டு வெளியிட்டது. ஒரு விளக்கு எந்தத் திசையில் எவ்வளவு ஒளியை வீசுகிறது என்பதை எழுதிவைக்கும் கோப்பின் இலக்கணம் அது. விளக்கை ஆய்வகத்தில் நிறுத்தி, சுற்றிலும் கோணம் கோணமாக அளந்து, ஒவ்வொரு கோணத்துக்கும் கேண்டெலா அலகில் ஓர் எண். மிகச் சாதாரண எழுத்துக் கோப்பு. தெருவிளக்கும் அலுவலக விளக்கும் பொருத்தும் பொறியாளர்களுக்காக வந்தது. இன்று உட்புறக் காட்சி செய்வோர் அனைவரும் பயன்படுத்துகிறார்கள். சுவரில் விழும் அந்த அழகிய சிப்பி வடிவ வெளிச்சம் பெரும்பாலும் இத்தகைய கோப்பிலிருந்து வருவது.

எனில் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. இந்த அளவீட்டில் ஒரு மரபு உண்டு. விளக்கின் மிகப் பெரிய நீள அகலத்தைப் போல ஐந்து மடங்கேனும் தள்ளி நின்று அளக்க வேண்டும். அவ்வளவு தொலைவில் விளக்கு வெறும் புள்ளியாகிவிடுகிறது, கணக்கு எளிதாகிறது. ஆகவே கோப்பில் இருப்பது உருவம் இல்லாத ஒளி. மூன்று குடைகளும் இல்லை, 72 இதழ்களும் இல்லை; ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் எண்கள் மட்டும். மறுபக்கம் முக்கோணங்களால் ஆன மாதிரியில் ஒளி இல்லாத உருவம். ஒரே விளக்கு இரண்டு பாதிகளாகப் பிளந்து, இரண்டு கோப்புகளில், பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து நம்மை வந்தடைகிறது.

இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். சேராது. அளவிட்டபோதே ஒளி குடையைக் கடந்துதான் வெளியே வந்திருக்கிறது. அந்த எண்களை மறுபடி குடைக்குள் வைத்தால் ஒளி அதே குடையை இரண்டாம் முறை கடக்க நேரிடும்; பாதி மறைந்துபோகும். எனவே செய்பவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஒளிமூலத்தைக் குடைக்கு வெளியே, சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் நிறுத்திவிடுகிறார்கள். அல்லது குடை இந்த ஒளிக்கு மட்டும் நிழல் வீழ்த்தக்கூடாது என்று கட்டளையிடுகிறார்கள். குடை ஒளிர்வதுபோல் தோன்ற அதன் பரப்புக்குத் தனியே கொஞ்சம் பிரகாசம் ஊட்டுகிறார்கள். படம் பிரமாதமாக வந்துவிடும். ஆனால் அந்தப் படத்தில் அறைக்கு ஒளி தருவது அந்த விளக்கு அல்ல. அது அங்கே நகையைப் போல் தொங்குகிறது.

இதில் என்ன குடிமுழுகிவிட்டது என்று தோன்றலாம். ஐக்கியா நிறுவனம் 2006இல்தான் ஒரு பொருளின் படத்தை, பெர்ட்டில் என்ற நாற்காலி அது, முழுக்கக் கணினியில் செய்து தன் விலைப்பட்டியல் நூலில் சேர்த்தது. யாரும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவில்லை. 2014இல் அந்நிறுவனத்தின் பொருட்படங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு கணினியில் பிறந்தவை என்று செய்தி வந்தது. அங்கே புகைப்படக் கலைஞர்கள் கணினி மாதிரியமைப்பையும், கணினிக் கலைஞர்கள் புகைப்படக் கலையையும் கற்க வேண்டியிருந்தது என்பதும் அச்செய்தியில் உண்டு. 1951இல் தொடங்கிய அந்த அச்சு நூல் 2020 டிசம்பரில் நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. படங்கள் திரைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. நாற்காலியின் படத்தில் வடிவமும் நிறமும் சரியாக இருந்தால் வாங்குபவர் ஏமாறுவதற்கு அதிகமில்லை. விளக்கு அப்படியல்ல. படத்தில் அதன் உருவத்தைப் பார்க்கிறார், அறையின் ஒளியையும் பார்க்கிறார், இது அதனுடையது என்று நம்புகிறார். வாங்கி மாட்டிய மாலையில்தான் சோற்றுத்தட்டின் மேல் தன் தலையின் நிழல் விழுவது தெரியவரும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய புகைப்படங்களும் உத்தமமானவை அல்ல. படப்பிடிப்புக் கூடத்தில் மேசை விளக்கு பெயருக்கு எரியும். உண்மையில் வெளிச்சம் தந்தவை சட்டகத்துக்கு வெளியே நின்ற பெரிய விளக்குகள். கணினிக் கலைஞர்கள் அந்தப் பொய்யைப் புகைப்படக்காரர்களிடமிருந்துதான் கற்றார்கள். ஒரு வேறுபாடு மட்டும் இருக்கிறது. புகைப்படக்காரருக்கு வேறு வழி இருக்கவில்லை. வீச்சுக்குப் பிறகு, கதிர்களைக் கணக்கிடுவதற்கென்றே வடிவமைத்த சில்லுகள் 2018 முதல் சாதாரண மேசைக்கணினிக்கும் வந்துசேர்ந்த பிறகு, கணினிக் கலைஞருக்கு வழி இருக்கிறது. குடையின் உண்மையான வளைவைக் கட்டி, உட்புறத்தில் உண்மையான வெண்பூச்சின் பண்பைத் தந்து, உண்மையான இடத்தில் பல்பை வைத்து, காத்திருக்கலாம். ஹென்னிங்சன் பென்சிலால் கண்ட ஒளி, அதே வளைவிலிருந்து, யாரும் சொல்லித்தராமலே கணினித் திரையில் எழும். அவர் கணக்கு சரிதானா என்று சோதிக்கவும் முடியும். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், சிறுபான்மையினராக. பொறுமைக்கு வாடிக்கையாளர்கள் பணம் தருவதில்லை.

*

சட்டம் இதில் எந்தப் பாதியைக் காக்கிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். லக்ஸோ விளக்கு பிக்ஸாரின் சின்னமாகி, ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் துள்ளிவந்து ஓர் எழுத்தை மிதித்து நசுக்கிக்கொண்டிருந்தது. நார்வே நிறுவனம் வழக்குக்குப் போகவில்லை. 2009இல் 'அப்' திரைப்படத்தின் வட்டுத்தொகுப்போடு, எரியக்கூடிய நிஜமான குட்டி விளக்கு ஒன்றைச் சேர்த்து விற்க டிஸ்னி முற்பட்டபோதுதான், செப்டம்பரில் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போயிற்று. மேசையிலிருந்து கணினிக்குள் போன விளக்கு, இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து மேசைக்கே திரும்ப வந்தபோது மூலத்தின் உரிமையாளர் விழித்துக்கொண்டார். தீர்ப்புவரை போகாமல் சமரசத்தில் முடிந்த வழக்கு. அதில் பேசப்பட்டது பெயரும் உருவமும். எந்த விளக்கு எவ்வாறு ஒளி வீசுகிறது என்பது பேச்சிலேயே வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. ஒருவர் வார்த்த ஒளியைத் திருடிவிட்டதாக வழக்குத் தொடர்ந்தவரை நான் அறியேன்.

அதே 2009 செப்டம்பரின் முதல் நாள், 100 வாட் இழைப் பல்புகளை ஐரோப்பிய ஒன்றியம் சந்தையிலிருந்து விலக்கத் தொடங்கியது. 2012க்குள் வீட்டு உபயோகத்துக்கான மற்ற அளவுகளும் ஏறக்குறைய முழுமையாக விலகின. கடையில் வாங்குவதால் அளவு மாறாது என்று லாசெட்டர் தொடாமல் விட்ட அந்தப் பல்பு, கடைகளிலிருந்தே போய்விட்டது. இழை இருந்த இடத்தில் இன்று எல்இடி சில்லுகள் இருக்கின்றன. ஒளி கிளம்பும் புள்ளி வேறு, பரவும் விதம் வேறு. மடக்கைச் சுருளின் மையத்தில் இப்போது இருப்பது என்ன என்பதைப் பொறுத்தே அந்தக் குடைகள் வேலை செய்யும். இழைப் பல்போடு அளந்து எழுதிய எல்எம்-63 கோப்பு எதுவும் இன்றைய விளக்கைச் சொல்வதல்ல.

ஹென்னிங்சனுக்கு இந்தத் தொல்லை முன்பே பழக்கம். பல்புத் தயாரிப்பாளர்கள் தம்மைக் கேட்காமல் குமிழின் அளவையும் வடிவையும் மாற்றிக்கொண்டே இருப்பதாக அவர் சலித்துக்கொண்டிருந்தார். 1958இல் பிஎச் 5 என்ற விளக்கைச் செய்தபோது, இனி உள்ளே எதைப் போட்டாலும் கண் கூசக்கூடாது என்ற முடிவோடு கூடுதல் குடைகளையும், உட்புறத்தில் சிவப்பும் நீலமுமான சிறு பரப்புகளையும் அமைத்தார். 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த விளக்கு டென்மார்க்கின் சாப்பாட்டு மேசைகளுக்கு மேல் இன்றும் தொங்குகிறது. அதன் கணினி மாதிரிகளும் பல கிடைக்கின்றன. தரவிறக்குபவர்கள் ஒருமுறை அதைக் கீழிருந்து மேலாகத் திருப்பி, உள்ளே அந்தச் சிவப்பும் நீலமும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.